சுவருக்குக் காது இருந்த வீடு

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரே ஏடும் எழுத்தாணியுமாக வந்து அமர்ந்திருக்கிற எதிரணி அறிஞர்களே, என் அணித் தோழர்களே, அரங்கம் நிறைந்திருக்கிற பெரியோர்களே, அடுப்பிலே பாலை வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிற சகோதரிகளே! பாலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். நான் சொல்லப்போவது கொஞ்சம் நீளமான கதை. (சிரிப்பு)

மனிதனின் உண்மை முகத்தைக் காட்டுவது அவன் எழுத்தா, பேச்சா? இதுதானே இன்றைய வழக்கு. எதிரணித் தலைவி அம்மா பிரமாதமாகப் பேசினார்கள். "பேச்சு போச்சு, எழுத்து நின்னுச்சு" என்று ஒரே போடாகப் போட்டார்கள். ஒருவன் நிதானமாக யோசித்து, அடித்து, திருத்தி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுக்கிறானே, அதுதான் அவன். கோபத்திலும் பதற்றத்திலும் வாயில் வந்து விழுந்தது அவன் இல்லை என்றார்கள்.

அம்மா, கல்யாணப் பத்திரிகையும் எழுத்துதான். "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று போட்டு அதிலே சித்தப்பா பேரும் இருக்கும். அந்தச் சித்தப்பா பந்தியிலே பக்கத்து இலைக்காரரிடம் என்ன பேசினார் என்று கேட்டுப் பாருங்கள், அப்போதுதான் தெரியும் அவர் யாரை விரும்பினார், யாரை விரும்பவில்லை என்று! (சிரிப்பு, கைதட்டல்)

சரி, விளையாட்டுப் பேச்சு போதும். இன்றைக்கு நான் ஒரே ஒரு வழக்கோடுதான் வந்திருக்கிறேன். நம்ம ஊர் வழக்கு இல்லை. இங்கிலாந்திலே ஒரு வீடு, அதிலே பத்து ஜெர்மானியர்கள், அவர்கள் பேசின பேச்சு. அந்தப் பேச்சு இல்லையென்றால் இந்த நூற்றாண்டுகளின் பெரிய புதிர் ஒன்றுக்கு நாம் இன்றைக்கும் விடை தெரியாமல் நின்றுகொண்டிருப்போம்.

முதலில் புதிரைச் சொல்லிவிடுகிறேன்.

அணுவைப் பிளக்க முடியும் என்று கண்டுபிடித்தது எந்த ஊரில்? அமெரிக்காவில் இல்லை. பெர்லின் நகரத்தில். 1938 டிசம்பரில் ஓட்டோ ஹானும் ஸ்ட்ராஸ்மானும் கண்டார்கள். நாட்டை விட்டே ஓட வேண்டியிருந்த லீசா மைட்னர் என்ற அம்மையார்தான் தம் உறவுக்கார இளைஞர் ஃபிரிஷோடு சேர்ந்து அதற்கு விளக்கம் சொன்னார். அடுத்த ஆண்டே போர். உலகத்திலேயே தலைசிறந்த பௌதிக அறிஞர்களில் ஒருவரான வெர்னர் ஹைசன்பர்க், 1932-ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர், ஹிட்லரின் ஜெர்மனியிலேயே இருந்தார். யுரேனியம் இருந்தது, ஆலைகள் இருந்தன, மூளை இருந்தது. குண்டு மட்டும் வரவில்லை. ஏன்?

போர் முடிந்த பிறகு இதற்கு இரண்டு பதில்கள் சொன்னார்கள். ஒன்று, "எங்களால் முடியும், ஆனால் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை, அதனால் செய்யவில்லை." இன்னொன்று, "செய்யத் தெரியவில்லை, அதனால் செய்யவில்லை."

இது என்ன பெரிய வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். முதல் பதில் உண்மையானால், ஹிட்லருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நல்லவர்கள். ஹிட்லரிடமிருந்து தப்பி ஓடி அமெரிக்காவில் குண்டு செய்தவர்கள் கொலைகாரர்கள். அப்படித்தானே கணக்கு வருகிறது? ஜெர்மன் அணு ஆராய்ச்சியைத் தேடிப்பிடிக்க அமெரிக்கா அனுப்பிய குழுவின் அறிவியல் தலைவர் சாமுவேல் கௌட்ஸ்மிட். அவருடைய தாயும் தந்தையும் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டவர்கள். அந்த மனிதரிடம் போய், "நாங்கள்தான் மனசாட்சிக்காரர்கள்" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

இப்போது வீட்டுக்கு வருவோம். கேம்பிரிட்ஜ் பக்கத்தில் காட்மேன்செஸ்டர் என்று ஒரு சிற்றூர். அங்கே ஃபார்ம் ஹால் என்று ஒரு செங்கல் மாளிகை. 1945 ஜூலை 3-ஆம் தேதி ஜெர்மன் விஞ்ஞானிகள் பத்துப் பேரைக் கொண்டுவந்து அங்கே வைத்தார்கள். ஹைசன்பர்க், ஹான், வைஸ்ஸெக்கர், கெர்லாக், டீப்னர், ஹார்ட்டெக், விர்ட்ஸ், பாகே, கோர்ஷிங், இவர்களோடு மாக்ஸ் ஃபான் லாவே. இந்த லாவே அணு வேலையிலேயே இல்லாதவர், நாஜிகளை வெளிப்படையாக எதிர்த்தவர். அவரையும் ஏன் பிடித்து வைத்தார்கள் என்று அவருக்கே புரியவில்லை. ஆறு மாதம், 1946 ஜனவரி 3 வரை, அந்த வீட்டுவாசம். நல்ல சாப்பாடு, தோட்டம், பியானோ, பத்திரிகை, வானொலி. மாமனார் வீட்டு விருந்து மாதிரி. என்ன ஒன்று, வெளியே போக முடியாது. (சிரிப்பு)

அந்த விருந்திலே இன்னொரு பதார்த்தமும் இருந்தது. அறைக்கு அறை ஒளித்து வைத்த மைக்.

டீப்னருக்கு வந்த சில நாளிலேயே சந்தேகம். "இங்கே எங்காவது மைக் வைத்திருப்பார்களோ?" என்று கேட்கிறார். ஹைசன்பர்க் சிரிக்கிறார். இவர்களுக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது, கெஸ்டபோ வித்தையெல்லாம் இவர்களுக்குத் தெரியாது, பழைய காலத்து ஆட்கள் என்கிறார். அதையும் பக்கத்து அறையிலே ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) அதனால்தானே ஐயா அது நமக்குத் தெரிகிறது!

அந்தப் பேச்செல்லாம் எழுத்தாகி, 24 அறிக்கைகளாக, லண்டனுக்கும் அமெரிக்காவில் ஜெனரல் குரோவ்ஸுக்கும் போனது. பிறகு பூட்டி வைத்துவிட்டார்கள். குரோவ்ஸ் 1962-இல் தம் நூலில் சில துண்டுகளை எடுத்துப் போட்டார். முழுப்படியும் வெளியே வந்தது 1992 பிப்ரவரியில், ராயல் சொசைட்டியின் தலைவர் உள்ளிட்ட அறிஞர்கள் அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்ட பிறகு. நாற்பத்தேழு வருஷம்! ஹைசன்பர்க் 1976-இலேயே காலமாகிவிட்டார்.

எதிரணி நண்பர் ஒருவர் கையைத் தூக்குகிறார். எனக்குத் தெரியும் என்ன கேட்கப் போகிறார் என்று. "அந்தப் படி சரியாக இருந்ததா?" இல்லை ஐயா. ஒத்துக்கொள்கிறேன். ரொம்பக் கோளாறான படி.

இசைத்தட்டு மாதிரி ஒரு தட்டில் பதிவு செய்தார்கள். ஜெர்மன் தெரிந்த ஒரு சிறு குழு காதிலே மாட்டிக்கொண்டு கேட்டது. எல்லாவற்றையும் எழுதவில்லை. அரசியலுக்கோ அறிவியலுக்கோ தேவை என்று அவர்களுக்குத் தோன்றியதை மட்டும் எழுதினார்கள். எழுதியதை ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். தட்டுகளை மறுபடியும் பயன்படுத்திவிட்டார்கள். ஆகவே அசல் குரல் இன்றைக்கு ஒன்றுகூட இல்லை. ஜெர்மன் மூலமும் சில பகுதிகள் தவிரப் போய்விட்டது. கேட்டவர்கள் மொழி தெரிந்தவர்கள், பௌதிகம் படித்தவர்கள் இல்லை. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது யார் எதைச் சொன்னார் என்று எழுதுவது எவ்வளவு கஷ்டம்!

அந்தக் கஷ்டம் எனக்குக் கொஞ்சம் தெரியும். ஒரு முறை நான் பேசின பட்டிமன்றத்தை ஒலிநாடாவிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கொண்டுவந்தார். தங்கமான பையன். நான் "கம்பன் கழகம்" என்று பேசியிருக்கிறேன். அவர் "கம்பெனிக் கலகம்" என்று எழுதியிருக்கிறார். (சிரிப்பு) படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? தமிழ் வாத்தியார் எப்போது ஐயா தொழிற்சங்கத்தில் சேர்ந்தார் என்று கேட்கமாட்டார்களா! ஆனால் பாருங்கள், அடுத்த வரியில் ராமனும் சீதையும் வருகிறார்கள். எந்தக் கம்பெனியிலும் ராமன், சீதை வரமாட்டார்கள் அல்லவா? அப்போது வாசிக்கிறவருக்கே தெரிந்துவிடும், இது கம்பெனி இல்லை, கம்பன் என்று. செல்லரித்த ஏட்டை வைத்துக்கொண்டு பாடம் பார்க்கிற எங்கள் தொழிலிலே இதுதான் வழி. ஓட்டை விழுந்த இடத்தைப் பார்த்து அழக்கூடாது. முன்னே என்ன, பின்னே என்ன, வேறு வாய் இதைச் சொல்கிறதா என்று தேட வேண்டும்.

அப்படித் தேடுவோமா?

1945 ஆகஸ்ட் 6. மாலை, சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். அந்த வீட்டுப் பொறுப்பதிகாரி மேஜர் ரிட்னர், வயதிலே மூத்த ஹானைத் தனியே கூப்பிட்டுச் சொல்கிறார்: ஜப்பான் மீது அணுகுண்டு போட்டுவிட்டார்களாம், பி.பி.சி. அறிவித்திருக்கிறது. ஹான் நொறுங்கிப் போகிறார். இத்தனை லட்சம் உயிருக்கும் நான்தானே காரணம் என்கிறார். இது எங்கே கொண்டுபோய் விடும் என்று முன்பே உணர்ந்து தற்கொலைகூட நினைத்ததுண்டு என்கிறார். மேஜர் கொஞ்சம் மது கொடுத்து அவரை ஆசுவாசப்படுத்துகிறார். பிறகு இருவரும் சாப்பாட்டு மேஜைக்கு வந்து மற்றவர்களுக்குச் சொல்கிறார்கள்.

மற்றவர்கள் என்ன செய்திருப்பார்கள்? "ஐயையோ, நாங்கள் வேண்டாமென்று விட்ட பாவத்தை இவர்கள் செய்துவிட்டார்களே!" என்று அழுதிருப்பார்கள், இல்லையா? முதல் பதில் உண்மையானால் அதுதானே நடந்திருக்க வேண்டும்?

நடக்கவில்லை. முதலில் யாரும் நம்பவே இல்லை. ஹைசன்பர்க் கேட்ட கேள்வி, "அந்தச் செய்தியிலே யுரேனியம் என்ற வார்த்தை வந்ததா?" இல்லை என்கிறார்கள். அப்படியானால் இதற்கும் அணுவுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார் அவர். ஹான் விடவில்லை. அவர்களிடம் யுரேனியக் குண்டு இருக்குமானால் நீங்கள் எல்லோரும் இரண்டாந்தரம்தான் என்று குத்துகிறார், பாவம் ஹைசன்பர்க் என்று பரிதாபமும் படுகிறார்! துக்க வீட்டிலேகூட பங்காளி பங்காளியைக் குத்துகிற வழக்கம் நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன். (சிரிப்பு)

ஒன்பது மணிச் செய்தி வருகிறது. இனிச் சந்தேகம் இல்லை. அதற்குப் பிறகுதான் ஐயா பேச்சு பீறிட்டுக் கிளம்புகிறது. அமெரிக்காவில் அத்தனை பேர் கூடி வேலை செய்ய முடிந்திருக்கிறது, ஜெர்மனியில் ஒவ்வொருவரும் மற்றவனை உதவாக்கரை என்றல்லவா சொல்லிக்கொண்டிருந்தோம் என்கிறார் இளையவர் கோர்ஷிங். கெர்லாக் அந்த ஆராய்ச்சிக்குக் கடைசியாகப் பொறுப்பு வகித்தவர், அவருக்கு அது சுருக்கென்று தைக்கிறது. மாடிக்குப் போய்விடுகிறார். தோற்றுப்போன படைத்தளபதி மாதிரி அழுதார் என்று குறித்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் ஹான் ஏதாவது செய்துகொண்டுவிடுவாரோ என்று நண்பர்கள் அவர் தூங்கும்வரை காவல் காக்கிறார்கள். செய்யாமல் விட்டதற்கு ஒருவர் அழுகிறார். கண்டுபிடித்ததற்கு ஒருவர் சாக நினைக்கிறார். ஒரே கூரை, ஒரே இரவு.

அந்த இரவில்தான் வைஸ்ஸெக்கர் சொல்கிறார்: நாம் செய்யாததற்குக் காரணம், கொள்கை அளவிலே நாம் யாரும் அதை விரும்பவில்லை, ஜெர்மனி ஜெயிக்க வேண்டும் என்று எல்லோரும் விரும்பியிருந்தால் செய்து முடித்திருப்போம். முதல் பதில் பிறந்த இடம் இது. பிறந்த உடனேயே ஹான், "நான் அதை நம்பவில்லை, ஆனாலும் நம்மால் முடியாமல் போனதற்கு நன்றி செலுத்துகிறேன்" என்ற பொருளில் பதில் சொல்கிறார். பாகே பிறகு, அவர் விரும்பாமல் இருந்திருக்கலாம், எங்கள் எல்லோருக்கும் சேர்த்து அவர் பேசுவது அபத்தம் என்கிறார். ஒரு பொய்யோ, பாதி உண்மையோ, பிறந்த மணி நேரத்தோடு ஜாதகம் குறிக்கப்பட்டது உலகத்திலேயே அபூர்வம். அது இங்கே நடந்திருக்கிறது. (கைதட்டல்)

ஆனால் இதெல்லாம் வசனம். வசனத்தை வைத்துப் புதிரை அவிழ்க்க முடியாது. ஒருவர் விரும்பவில்லை என்பார், ஒருவர் விரும்பினோம் என்பார். தலைவருக்குத் தெரியுமா தெரியாதா? இதுதான் முடிச்சு. இந்த முடிச்சை அவிழ்ப்பது ஹான் கேட்ட ஒரு சாதாரணக் கேள்வி.

ஹான் வேதியியல்காரர், அவருக்குக் கணக்கு வராது. ஆனால் நினைவு நன்றாக இருக்கும். அவர் ஹைசன்பர்க்கைக் கேட்கிறார்: "முன்னே எல்லாம் ஐம்பது கிலோ போதும் என்று சொல்வாயே, இப்போது இரண்டு டன் வேண்டும் என்கிறாயே, ஏன்?" நம்ம வீட்டிலே கேட்பார்கள் பாருங்கள், "போன வாரம் ஐந்நூறு ரூபாய்ன்னு சொன்னீங்க, இப்ப ரெண்டாயிரம்னு சொல்றீங்க?" என்று, அந்தக் கேள்வி! (சிரிப்பு) ஹைசன்பர்க் நழுவுகிறார், இப்போதைக்கு உறுதியாகச் சொல்லமாட்டேன் என்கிறார்.

குண்டுக்கு எவ்வளவு யுரேனியம் வேண்டும்? இதுதான் அடிப்படை. 1942 ஜூனில் பெர்லினில் அமைச்சர் ஸ்பீர் கூட்டிய கூட்டத்தில், ஒரு நகரத்தை அழிக்க எவ்வளவு பெரிய குண்டு வேண்டும் என்று கேட்டதற்கு, அன்னாசிப் பழம் அளவு என்று ஹைசன்பர்க் கையால் காட்டியதாகக் கூட்டத்தில் இருந்தவர்கள் போருக்குப் பின் சொன்னார்கள். அன்னாசிப் பழம் ஒரு பக்கம், டன் கணக்கு இன்னொரு பக்கம். எது உண்மை?

அன்றிரவு மற்றவர்கள் போன பிறகு ஹானும் ஹைசன்பர்க்கும் தனியே பேசுகிறார்கள். ஹைசன்பர்க் தம் கணக்கை விளக்குகிறார். ஒரு அணு பிளந்தால் நியூட்ரான் என்ற துகள் கிளம்பி அடுத்த அணுவைப் பிளக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். இப்படி எண்பது முறை இரட்டித்தால் ஊரையே அழிக்கிற வேகம் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் துகள் ஆறு சென்டிமீட்டர் நகர்கிறது. நேராக நகராது, தள்ளாடித் தள்ளாடி நகரும். தள்ளாடுகிறவன் எண்பது எட்டு வைத்தாலும் புறப்பட்ட இடத்திலிருந்து ஏறக்குறைய ஒன்பது எட்டு தூரத்தில்தான் நிற்பான். ஒன்பதை ஆறால் பெருக்கினால் ஐம்பத்து நாலு. ஆகவே 54 சென்டிமீட்டர் ஆரமுள்ள உருண்டை வேண்டும், அது ஒரு டன் இருக்கும் என்று சொல்கிறார். படியிலே அப்படித்தான் இருக்கிறது.

இங்கே ஒரு ஓட்டை. நீங்களே வீட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள். யுரேனியம் தண்ணீரைப் போலப் பத்தொன்பது மடங்கு கனம். 54 சென்டிமீட்டர் ஆரத்துக்குப் பன்னிரண்டு டன்னுக்கு மேல் வரும்! ஒரு டன் என்று எப்படி வந்தது? பேசினவர் பதற்றத்தில் தப்பாகச் சொன்னாரா? கேட்டவர் தப்பாகக் கேட்டாரா? பெயர்த்தவரா? தட்டச்சு செய்தவரா? இன்று யாராலும் சொல்ல முடியாது. தட்டு போய்விட்டதே!

எதிரணி இங்கே கை தட்டலாம், "பாருங்கள், உங்கள் பேச்சுப் படி பல்லிளிக்கிறது" என்று. கொஞ்சம் பொறுங்கள். ஒரு இலக்கம் தப்பாக இருக்கலாம். ஆனால் "டன்" என்ற சொல் இந்த ஒரு இடத்தில் மட்டும் இல்லையே. ஹானின் வாயிலும் "இரண்டு டன்" வந்துவிட்டதே, சில மணி நேரம் முன்பே, வேறு பேச்சில்! இரண்டு வாய், இரண்டு இடம், ஒரே அளவு. கம்பெனிக்குப் பக்கத்தில் ராமன் வந்த மாதிரி. அதைவிட முக்கியம், எண்பது முறை, ஆறு சென்டிமீட்டர், தள்ளாட்டம் என்று வழிமுறை முழுவதும் அங்கே இருக்கிறது. எண் தவறினாலும் வழி தெரிகிறது. அந்த வழியே தப்பு! பானை நிறைய வேண்டுமானால் ஒரு சொட்டும் ஒழுகக்கூடாது என்று நினைத்தார் ஹைசன்பர்க். அப்படி அவசியம் இல்லை. ஒழுகுவதைவிட ஊற்றுவது கொஞ்சம் அதிகமாக இருந்தால் போதும், பானை நிறைந்துவிடும். ஹிரோஷிமாக் குண்டில் இருந்த யுரேனியம் சுமார் 64 கிலோதான்.

அதே இரவில் அவர் ஹானிடம் இன்னொன்றும் சொல்கிறார்: உண்மையைச் சொன்னால் நான் அதைக் கணக்குப் போட்டே பார்த்ததில்லை, சுத்தமான 235 கிடைக்கும் என்று நான் நம்பவே இல்லை என்கிறார். யுரேனியத்தில் குண்டுக்கு ஆகிற வகைக்கு 235 என்று பெயர். ஆயிரம் பங்கில் ஏழு பங்குதான் அது. பிரித்தெடுப்பது மகா சிரமம்.

மேடையில் சொன்னதில்லை இது. நண்பனிடம், நள்ளிரவில், தோல்வியின் நடுவில் சொன்னது. எனக்குக் குழப்பம் இங்கேதான் தெளிகிறது. கணக்குத் தெரிந்தவன் ஒளிக்கலாம். குண்டு விழுந்து உலகமே அறிந்த பிறகு, நம்பிக்கையான நண்பனிடம், தப்பான கணக்கைப் படிப்படியாக உட்கார்ந்து விளக்க வேண்டிய அவசியம் என்ன? மறைத்துக் காப்பாற்ற எதுவும் மிச்சம் இல்லையே.

ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 14-ஆம் தேதி, ஹைசன்பர்க் மற்ற ஒன்பது பேருக்கும் பாடம் நடத்துகிறார். இந்தப் பேச்சு ஜெர்மன் மொழியிலேயே நமக்குக் கிடைத்திருக்கிறது. இதில் கணக்கு ஏறக்குறையச் சரி. ஆரம் சில சென்டிமீட்டராகச் சுருங்குகிறது, எடை கிலோக் கணக்கில் வருகிறது. இதை வைத்தும் இரண்டு கட்சி. தாமஸ் பவர்ஸ் என்பவர் 1993-இல் எழுதிய நூலில், ஒரே வாரத்தில் சொல்ல முடிந்ததே, அப்படியானால் அவருக்கு முன்பே தெரியும் என்ற பக்கம் நின்றார். பால் லாரன்ஸ் ரோஸ் என்ற வரலாற்றாசிரியர் 1998-இல், போர்க்காலம் முழுக்க அவருக்குத் தப்பாகத்தான் தெரியும் என்று வாதாடினார். ஒரே படி, இரண்டு தீர்ப்பு. ஜெரமி பெர்ன்ஸ்டைன் என்ற பௌதிகப் பேராசிரியர் வரிக்கு வரி குறிப்பெழுதி 1996-இல் ஒரு பதிப்பு போட்டார். மொழிபெயர்த்தவருக்குப் புரியாத பௌதிகத்தை அவர் உட்கார்ந்து புரியவைத்தார். எங்கள் பதிப்பாசிரியர்களுக்கு அண்ணன் தம்பி மாதிரி ஒரு வேலை.

என் எளிய புத்திக்குப் படுவது இது. ஒரு வாரத்தில் சரியாகப் போடக்கூடிய கணக்கை ஆறு வருஷம் போடவில்லை என்றால், அவர் குண்டைச் செய்ய முழு மூச்சாக முயலவும் இல்லை, தெரிந்து தடுக்கவும் இல்லை. முடியாது என்று நம்பி நகர்ந்துபோனார். வீரமும் இல்லை, வில்லத்தனமும் இல்லை. கேட்பதற்குச் சப்பென்று இருக்கிறது அல்லவா? நாடகத்துக்கு ஆகாது. ஆனால் மனிதர்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

இப்போது எதிரணி அம்மா கேட்ட எழுத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் 8-ஆம் தேதி, அதாவது இந்த இரவு கழிந்து இரண்டே நாளில், பத்துப் பேரும் சேர்ந்து ஒரு அறிக்கை எழுதினார்கள். அடித்துத் திருத்தி எழுதினார்கள். கையெழுத்தும் போட்டார்கள். ஹானின் கண்டுபிடிப்பு, பிறகு வெப்பம் தருகிற அணு உலைக்கான ஆராய்ச்சி, குண்டு செய்வது அன்று ஜெர்மனியின் வசதிக்குச் சாத்தியமாகத் தோன்றவில்லை. இப்படிப் போகிறது. பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வரியும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் கெர்லாக்கின் அழுகை அதில் எங்கே? "ஐம்பது கிலோ என்றாயே" எங்கே? "கணக்கே போடவில்லை" எங்கே? பாகேயின் கோபம் எங்கே? கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட சட்டை மாதிரி, ஒரு சுருக்கம் இல்லை. (கைதட்டல்)

மனசாட்சிக் கதை பிறகு வெளியே போய் வளர்ந்தது. ராபர்ட் யுங்க் 1956-இல் எழுதிய புத்தகம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ஹைசன்பர்க் அந்த நூலாசிரியருக்கு எழுதிய கடிதமும் எழுத்துதான், அம்மா. அதைப் படித்துவிட்டு, டென்மார்க்கில் அவருடைய குரு நீல்ஸ் போர் மனம் கொதித்துப் பதில் எழுதினார், எழுதினார், ஒன்றையும் அனுப்பவே இல்லை. அந்த அனுப்பாத கடிதங்கள் 2002-இல் வெளிவந்தன. 1941-இல் இருவரும் சந்தித்தபோது பேசினது என்ன என்பதிலே குருவுக்கும் சீடருக்கும் எழுத்து ஒத்துப்போகவே இல்லை. அந்தச் சந்திப்பில் மைக் இல்லை. இன்றைக்கும் சண்டை தீரவில்லை.

எதிரணி நண்பர் எழுந்தே விட்டார். என்ன ஐயா? "லாவே எழுதிய கடிதம்" என்கிறார். படித்தவர் படித்தவர்தான்! (சிரிப்பு) ஆமாம். 1959-இல் லாவே தம் நண்பர் பால் ரோஸ்பாடுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஃபார்ம் ஹால் சாப்பாட்டு மேஜையில் ஒரு "பாடம்" உருவானது, அதை முன்நின்று உருவாக்கியவர் வைஸ்ஸெக்கர் என்று. அவர் போட்ட ஜெர்மன் சொல்லை நான் "பாடம்" என்கிறேன். ஏட்டுக்கு ஏடு பாடபேதம் என்கிறோமே, அந்தப் பாடம்தான். எவ்வளவு பொருத்தமான சொல் பாருங்கள். நேர்மையான மனிதரின் நேர்மையான எழுத்து. நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் அதே கடிதத்தில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். அறம் சார்ந்த எந்தக் கருத்தையும் அங்கே தாம் கேட்கவில்லை என்கிறார். இதைக் கொண்டுபோய்ப் படியோடு வைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 6 இரவே வைஸ்ஸெக்கர், அமெரிக்கர்கள் செய்தது பயங்கரம், பைத்தியக்காரத்தனம் என்று சொல்லியிருக்கிறார். அப்படிச் சொல்லிவிட முடியாது, போரைச் சீக்கிரம் முடிக்கிற வழி என்றும் சொல்லலாமே என்று ஹைசன்பர்க் பதில் சொல்லியிருக்கிறார். அதுதான் எனக்கு ஆறுதல் என்று ஹான் சொல்லியிருக்கிறார். அறம் பேசப்பட்டிருக்கிறது ஐயா! கொஞ்சம்தான், ஆனால் பேசப்பட்டிருக்கிறது. பதினாலு வருஷத்தில் லாவே மாதிரி ஒரு நல்ல மனிதரின் நினைவிலிருந்தே அது நழுவிவிட்டது. அல்லது அந்த நேரம் அவர் அந்த அறையில் இல்லையோ என்னவோ.

வைஸ்ஸெக்கரைக் குறை சொல்வதற்காக இத்தனை நேரம் படியைப் புரட்டினோம். அதே படி, அதே ஓட்டை விழுந்த படி, கடைசியில் அவர் பக்கமும் ஒரு சாட்சி சொல்லிவிட்டது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். சகோதரி, பாலைப் பார்த்தீர்களா? (சிரிப்பு)

(கைதட்டல்)